பிள்ளை வந்து சொன்னால், நம்முடைய முதல் வார்த்தை என்ன?

(தோட்டங்களிலிருந்து பூநகரிக்கு உறவினரைப் பார்க்க வந்திருந்த குடும்பங்களும் இங்குள்ள குடும்பங்களும் ஒன்றுகூடிய கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. வராத பெற்றோரும் வாசிக்க வேண்டுமென்று பலர் கேட்டுக்கொண்டதால், பேசியபடியே இங்கே தருகிறோம்.)



ராத்திரி முழுக்க பஸ்ஸில் குந்தியிருந்து, பரந்தனில் இறங்கி, இந்தக் காத்தையும் தூசியையும் தாங்கி வந்திருக்கிறீங்க. என் அப்பாவும் அம்மாவும் இதே பாதையில்தான் வந்தவர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு, தோட்டத்தில் லயத்தையும் கோழிக்கூட்டையும் அப்படியே விட்டுவிட்டு, ஒரு றங்குப் பெட்டியோடு வன்னிக்கு வந்து இறங்கினார்கள். அதனால் உங்களைப் பார்க்கிறபோது எனக்கு வெளியாட்களிடம் பேசுகிற மாதிரி இல்லை. வீட்டுக்குள் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது. வீட்டுக்குள் பேச வேண்டிய ஒரு விஷயத்தைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

கொஞ்சம் வாய் கூசுகிற விஷயம். நம்ம பிள்ளைகளுடைய அந்தரங்கப் படங்கள் போன் வழியாகக் கை மாறுவதும், அதை வைத்து மிரட்டுவதும்தான் அது. பெரியவர்கள் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால், மிரட்டுகிறவனுக்கு அதுவே பெரிய வசதி. அதனால் இன்றைக்கு நான் வெட்கப்படப் போவதில்லை. நீங்களும் தலையைக் குனியாதீங்க.

நம்ம வீடுகளுக்குள் இந்தப் போன் எப்படி வந்தது? 2020 மார்ச் மாதத்தில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் எல்லாம் வட்ஸ்அப்பில் வந்தது. அதுவரைக்கும் பட்டன் போன் மட்டும் இருந்த வீட்டில், நகையை அடகு வைத்தும் தவணைக்கும் பெரிய போன் வாங்கினோம். சிக்னல் தேடி மலை உச்சிக்கும் மரத்துக்கும் பிள்ளைகள் ஏறினார்கள். சிலேட்டு வாங்கிக் கொடுக்கிற மாதிரி நல்ல மனசோடுதான் வாங்கிக் கொடுத்தோம். ஆனால் சிலேட்டில் எழுதினதை எச்சில் தொட்டு அழித்துவிடலாம். போனில் போனதை அப்படி அழிக்க முடியாது. அதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்களுக்கே தெரியாதபோது எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

முதலில் என் சொந்தத் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் என்னிடம் படித்த ஒரு பிள்ளை, வகுப்பு முடிந்த பிறகு தனியாக நின்றாள். "டீச்சர், ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். பழகின பையன் ஒருவனுக்கு ஒரு படம் அனுப்பிவிட்டாள். இப்போது அவன், நான் கூப்பிட்ட இடத்துக்கு வா, இல்லாவிட்டால் எல்லாருக்கும் அனுப்புவேன் என்கிறான். இவ்வளவையும் அந்தப் பிள்ளை நடுங்கி நடுங்கிச் சொல்லி முடித்தது. அப்போது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "நீ ஏன்டி அனுப்பின?"

அவ்வளவுதான். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. "ஒன்னுமில்ல டீச்சர்" என்று போய்விட்டது. அடுத்த கிழமையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை. நானாகத் தேடிப்போய், தாயோடு உட்கார்ந்து, மறுபடி அந்தப் பிள்ளை வாய் திறக்க மூன்று மாசம் ஆனது. அந்த மூன்று மாசமும் அவள் தனியாக என்ன பாடுபட்டிருப்பாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது. பிறகு சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தோம், பிள்ளை படிப்பையும் முடித்தாள். ஆனாலும் அந்த மூன்று மாசத்துக்கு நான்தான் பொறுப்பு. அவன் பூட்டின கதவை நானும் ஒரு தரம் பூட்டினேன்.

அதனால்தான் இன்றைக்கு நான் சொல்ல வந்த விஷயம் ஒன்றே ஒன்று. பிள்ளை வந்து சொல்கிறபோது நம்ம வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தைதான் பிள்ளையைக் காப்பாற்றும், இல்லாவிட்டால் கெடுக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சில பேருக்குக் காதலில் நடக்கிறது. நம்பி அனுப்பின படம், கோபம் வந்த பிறகு ஆயுதமாகிறது. சில பேருக்கு முகம் தெரியாத ஆளோடு பழகி நடக்கிறது. பேஸ்புக்கிலோ இன்ஸ்டகிராமிலோ அழகான ஒரு படத்தைப் போட்டுக்கொண்டு, பொம்பளைப் பிள்ளை மாதிரியோ வெளிநாட்டுப் பையன் மாதிரியோ பேசுவார்கள். வீடியோ கோலில் வரச்சொல்லி, அதை அங்கே பதிவு செய்துவிடுவார்கள். சில பேர் ஒன்றுமே அனுப்பியிருக்க மாட்டார்கள். பழுது பார்க்கக் கொடுத்த போனிலிருந்து எடுத்திருப்பார்கள், குளிக்கிற இடத்தில் ஒளிந்து நின்று எடுத்திருப்பார்கள். லயத்தில் குளிக்கிற இடம் எப்படித் திறந்து கிடக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. இப்போது இன்னொன்றும் வந்திருக்கிறது. பெரியபிள்ளைச் சடங்கில் எடுத்த முகத்தை வெட்டி, கம்பியூட்டர் மூலம் வேறொரு உடம்பில் ஒட்டி, நிஜம் மாதிரியே ஆக்கிவிடுகிறார்கள். அதனால், "எங்க பிள்ள அப்படி அனுப்பாது, எங்களுக்கு இந்தப் பேச்சு வேண்டாம்" என்று யாரும் எழும்பிப் போக முடியாது.

இனி நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். இரண்டும் ஊருக்கே தெரிந்தவை, நீதிமன்றம் வரைக்கும் போனவை.

முதலாவது பொள்ளாச்சி. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு நம்ம சொந்தக்காரர் பல பேர் போய்க் குடியேறிய நீலகிரி, கோயம்புத்தூர்ப் பக்கம்தான் அது. பொள்ளாச்சியிலிருந்து மேலே ஏறினால் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள் வரும். அங்கே ஒரு கூட்டம் பெண்களோடு நட்பாகப் பழகி, தனி இடத்துக்கு அழைத்துப்போய், பலாத்காரம் செய்து, அதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டி வந்தது. வீடியோ கையில் இருக்கிற வரைக்கும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்ற தைரியம்.

2019 பெப்ரவரியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தியும் இந்தக் கூட்டத்திடம் சிக்கினாள். அவளும் சில நாள் மறைத்துத்தான் வைத்திருந்தாள். பிறகு வீட்டில் சொன்னாள். அந்த வீடு அவளை மூலையில் போட்டுப் பூட்டவில்லை. அண்ணன் எழும்பினார். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேரைப் பிடித்தார். அவர்களுடைய போனைப் பார்த்தால், இன்னும் எத்தனையோ பெண்களின் வீடியோ! பெப்ரவரி 24ஆம் திகதி பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார்கள். முறைப்பாடு கொடுத்ததற்காக அந்த அண்ணனை அடித்தார்கள். அப்படியும் குடும்பம் பின்வாங்கவில்லை. வழக்கு சி.பி.ஐ. வரைக்கும் போனது. 2025 மே 13ஆம் திகதி கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேரையும் குற்றவாளிகள் என்று தீர்த்து, சாகும் வரைக்கும் சிறை என்று தண்டித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 85 லட்சம் இந்திய ரூபாய் நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. சாட்சி சொல்ல வந்த பெண்கள் ஒருத்தர்கூடப் பிறழவில்லை. ஒரு பிள்ளை வீட்டில் வாய் திறந்தது, அதை நம்பி ஒரு வீடு நின்றது. அதனால்தான் இத்தனை பேருக்கு நியாயம் கிடைத்தது.

அந்த வழக்கில் நாம் வெட்கப்பட வேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கிறது. முறைப்பாடு கொடுத்த பெண்ணின் பெயரைப் பொலிஸ் அதிகாரியே வெளியில் சொல்லிவிட்டார். அரசாங்க ஆணையிலும் பெயர் வந்துவிட்டது. மதுரை உயர் நீதிமன்றக் கிளை, அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி தமிழ்நாட்டு அரசுக்கு உத்தரவிட்டது. அது அதிகாரிகள் செய்த தப்பு. சனங்கள் என்ன செய்தார்கள்? ஒரு பெண் அழுது கெஞ்சுகிற வீடியோத் துண்டு வெளியில் வந்தபோது, "ஐயோ பாவம், பாருங்க" என்று போன் போனாக அனுப்பினார்கள். இரக்கத்தோடு அனுப்பினாலும், இளக்காரத்தோடு அனுப்பினாலும், அந்தப் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். படம் இன்னொரு கைக்குப் போகிறது. அதனால் அப்படி ஒரு படம் உங்கள் போனுக்கு வந்தால், யார் அந்தப் பிள்ளை, எந்தத் தோட்டம், எந்த லயம் என்று விசாரிக்காதீங்க. அனுப்பினவனிடம், "இத எனக்கு ஏன் அனுப்பின? இனி யாருக்கும் அனுப்பாத" என்று சொல்லுங்க. உங்கள் கையோடு அது நிற்கட்டும்.

இரண்டாவது சம்பவம் ஆம்பிளைப் பிள்ளை பெற்றவர்களுக்கு. "எனக்கு இருக்கிறது பையன்தானே, எனக்கென்ன கவலை" என்று நினைக்கிறவர்கள் கவனமாகக் கேளுங்க. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஜோர்டன் டிமே என்று 17 வயதுப் பையன். நல்ல விளையாட்டுக்காரன். 2022 மார்ச் மாதம் ஒரு ராத்திரி, இன்ஸ்டகிராமில் ஒரு பெண் பேசினாள். பெண் இல்லை, நைஜீரியாவில் இருந்து பொய்க் கணக்கில் பேசினவர்கள். படம் ஒன்றை வாங்கினார்கள். வாங்கின உடனே ஆயிரம் டொலர் கேட்டார்கள். பிள்ளை தன்னிடம் இருந்த 300 டொலரைக் கொடுத்தான். விட்டார்களா? மேலும் மேலும் கேட்டார்கள். ஒரு ராத்திரிக்குள் எல்லாம் முடிந்தது. விடிகிறதற்குள் பிள்ளை தன் உயிரை விட்டுவிட்டான். தாய் தகப்பன் அதே ஊரில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மிரட்டின இரண்டு சகோதரர்களையும் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, 2024 செப்டெம்பரில் பதினேழரை வருஷச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். ஆனால் போன பிள்ளை திரும்பி வருமா?

அந்தப் பையன் காசு கொடுத்தான், மிரட்டல் நிற்கவில்லை. காசு கொடுத்தால் விட்டுவிடுவான் என்பது பொய். கொடுக்கிற ஆள் என்று தெரிந்தால் இன்னும்தான் பிழிவான். அந்தப் பிள்ளை எழும்பிப் போய் அப்பாவை எழுப்பி, "அப்பா, ஒரு தப்பு நடந்திருச்சு" என்று சொல்லியிருந்தால், விடிந்த பிறகு ஒரு வழி பிறந்திருக்கும். நம்ம பிள்ளை நம்மை ராத்திரியில் எழுப்புமா? ஒவ்வொரு தகப்பனும் இன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தன்னைத்தானே கேட்டுப் பாருங்க.

இனி நம்ம நாட்டுச் சட்டம். நிறையப் பேர், "பொலிஸுக்குப் போனா நம்ம பிள்ளயத்தான் பிடிப்பான்" என்று பயப்படுகிறீங்க. கேளுங்க. தண்டனைச் சட்டக்கோவையில் 1995ஆம் ஆண்டே 286ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் ஆபாசப் படத்தை எடுத்தாலும், பரப்பினாலும், கையில் வைத்திருந்தாலும் குற்றம். இரண்டு வருஷத்துக்குக் குறையாத, பத்து வருஷம் வரைக்கும் போகக்கூடிய சிறை. இந்த மாதிரிப் போன் இல்லாத காலத்தில் எழுதின சட்டம் அது, போனுக்கும் அதேதான். படத்தைக் காட்டிக் காசு கேட்டால் அது கப்பம். கப்பம் வாங்குகிறது ஒரு குற்றம், பயமுறுத்துகிறது இன்னொரு குற்றம். பாதிக்கப்பட்டவர் பெரியவராக இருந்தாலும் இது பொருந்தும். 2024இல் நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டம் என்று 9ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. அது பேச்சுச் சுதந்திரத்தைக் கெடுக்கும் என்று நாட்டில் பெரிய எதிர்ப்பும் வந்தது. அந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். நம்ம பிள்ளையைக் காப்பாற்றப் பழைய சட்டமே கைகொடுக்கும்.

சரி, பிள்ளை வந்து சொல்லிவிட்டது. என்ன செய்வது? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். வீட்டில் சுவரில் ஒட்டி வைத்தாலும் நல்லது.

1. முதல் வார்த்தை: "சொன்னது நல்லது. நான் இருக்கேன்." இதைத் தவிர வேறொன்றும் வேண்டாம். ஏன், எதற்கு என்று கேட்பது, அடிப்பது, போனைப் பிடுங்கி உடைப்பது எதுவும் வேண்டாம். போனை உடைத்தால் சாட்சியையும் சேர்த்து உடைக்கிறோம்.

2. காசு கொடுக்காதீங்க. இன்னொரு படமும் கொடுக்காதீங்க. அவன் கூப்பிடுகிற இடத்துக்குப் போக விடாதீங்க.

3. மிரட்டினவன் எழுதினதை அழிக்காதீங்க. அவனுடைய கணக்கின் பெயர், நம்பர், திகதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன் ஷொட் எடுத்து வையுங்க. தாளிலும் எழுதி வையுங்க. அதற்குப் பிறகு அவனைத் தடுத்துவிடலாம். பிள்ளையின் படத்தை மட்டும் சாட்சி என்று சொல்லிக்கொண்டு சொந்தக்காரருக்கு அனுப்பவோ காட்டவோ வேண்டாம்.

4. 1929க்குக் கோல் எடுங்க. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். இருபத்துநான்கு மணித்தியாலமும் எடுக்கலாம், காசு போகாது. பெரிய பெண்களுக்கு 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது. போன், கணக்கு சம்பந்தமான உதவிக்கு ஹிதவதி என்ற சேவை தமிழிலும் வழி சொல்லும். பிரதேச செயலகத்தில் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் யார் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்க.

5. பொலிஸுக்குப் போனால், சிறுவர் பெண்கள் பிரிவைக் கேளுங்க. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதினதில், வாசித்து விளக்காமல் கையெழுத்து வைக்காதீங்க. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பாதீங்க. தனியாகப் போகப் பயமாக இருந்தால் டீச்சரையோ தோட்ட நலன்புரி உத்தியோகத்தரையோ கூட்டிக்கொண்டு போங்க.

6. படம் பரவாமல் தடுக்கவும் வழி இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் படமென்றால் "டேக் இட் டவுன்", பெரியவர் என்றால் "ஸ்டொப் என்.சி.ஐ.ஐ." என்று இரண்டு இலவசச் சேவைகள். படத்தை அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை. நம்ம போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு இலக்கத்தை உண்டாக்கும். நம்ம கைரேகை மாதிரி, அந்த இலக்கம் அந்தப் படத்துக்கு மட்டும்தான். அந்த இலக்கத்தைப் பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்ற கம்பெனிகள் வைத்துக்கொண்டு, அதே படம் வந்தால் தடுக்கும். வட்ஸ்அப்பில் தனியாகக் கை மாறுகிறதை இதனால் பிடிக்க முடியாது. ஆனாலும் பெரிய கதவுகளை மூடலாம்.

7. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், ஒரே மூலையில் இருந்தால் தனியாக விடாதீங்க. ராத்திரியில் பக்கத்திலேயே படுங்க. மனம் உடைந்தவர்களுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

தாய்மார்களே, தகப்பன்மார்களே, இன்னும் ஒன்று. நம்ம பக்கம் இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்கிறோம்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிப்பாட்டுகிறோம். அவசர அவசரமாக ஒரு கலியாணத்தைப் பேசுகிறோம். இல்லாவிட்டால் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பிவிடுகிறோம். "மானம் போச்சு" என்கிறோம். மிரட்டினவன் அதே தோட்டத்தில் அதே கோயில் திருவிழாவில் காவடி எடுக்கிறான். குற்றம் செய்தவன் ஊரில் இருக்க, பாதிக்கப்பட்ட பிள்ளை ஊரை விட்டுப் போகிறது. இது என்ன நியாயம்? என் தாய் தகப்பன் ஒரு குற்றமும் செய்யாமல் ஊரை விட்டு ஓடி வந்தவர்கள். குற்றம் செய்யாதவர்கள் ஓடுகிறது எப்படிப்பட்ட வலி என்று நம்ம சனத்துக்குத் தெரியாதா? அதையே நம்ம பிள்ளைக்கு நாமே செய்யலாமா?

தம்பி தங்கச்சிமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அன்பு இருக்கிறவன் படம் கேட்டு நெருக்க மாட்டான். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், "நம்பிக்கை இருக்கிறவன் இப்படிக் கேட்க மாட்டான்" என்று சொல்லுங்க. முகம் தெரியாதவரோடு வீடியோவில் போகாதீங்க. போனைப் பழுது பார்க்கக் கொடுக்கும் முன் படங்களையும் கணக்குகளையும் எடுத்துவிடுங்க. கூட்டாளியின் படம் உங்கள் கைக்கு வந்தால் சிரிக்காதீங்க, அனுப்பாதீங்க. அனுப்புகிற விரலும் குற்றவாளிதான். இவ்வளவும் தெரிந்தும் ஒரு தப்பு நடந்துவிட்டதா? அதோடு உங்கள் வாழ்க்கை முடியவில்லை. ஒரு பெரியவரிடம் சொல்லுங்க. அந்தப் பெரியவர் என்னைப் போல முட்டாள்தனமாக ஒரு கேள்வி கேட்டால், அதோடு நிற்காமல் இன்னொருவரிடம் சொல்லுங்க. நம்புகிற ஒரு ஆள் கிடைக்கிற வரைக்கும் சொல்லுங்க.

கொழுந்து மலையில் அட்டை கடித்தால் நாம் என்ன செய்கிறோம்? ஏன் அந்தப் பக்கம் போனாய் என்று பக்கத்து நிரையில் நிற்கிறவள் கேட்கிறாளா? உப்பையோ சுண்ணாம்பையோ வைத்து அட்டையை எடுத்துவிட்டு, பிறகுதான் பேச்சு. இதற்கும் அதே வழிதான். முதலில் அட்டையை எடுப்போம். புத்தி சொல்வதற்கு நாள் இருக்கிறது.

இன்றைக்கு ராத்திரி சாப்பிடுகிறபோது உங்கள் பிள்ளையிடம் ஒன்று சொல்லுங்க. "போன்ல என்ன நடந்தாலும், யார் மிரட்டினாலும், எங்ககிட்ட சொல்லு. நாங்க அடிக்க மாட்டோம்" என்று சொல்லுங்க. சொன்னால் போதாது, சொன்னபடி நில்லுங்க. என்னிடம் வந்த அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லாமல் விட்ட வார்த்தையை, உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் இன்றைக்கே சொல்லிவிடுங்க.